தாராவி: நிலம் மாநகராட்சியிடம், முடிவு மாநில அரசிடம், பொறுப்பு யாரிடம்?

மும்பை: ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் மக்கள் பிரதிநிதிகள் இன்றி இயங்கிய பிருஹன்மும்பை மாநகராட்சிக்கு 2026 ஜனவரி 15-ஆம் தேதி தேர்தல் நடைபெற்றது. 227 வார்டுகளுக்கு நடந்த இத்தேர்தலில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழர்களும் வாக்களித்தனர். ஆனால், தாராவி மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் மாமன்றத்தில் அமர்வதற்கு முன்பே, அப்பகுதியின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் பெரிய முடிவுகள் எடுக்கப்பட்டுவிட்டன.

மறுமேம்பாட்டுத் திட்டம் 2023 ஜூலையில் அதானி குழும நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. வீடு வீடான கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. பெருந்திட்டத்துக்கு 2025 மே மாதத்தில் மாநில அரசு ஒப்புதல் அளித்தது. இம்மூன்றும் நடந்த காலத்தில் மாநகராட்சியில் மாமன்றம் இல்லை. ஆணையரே நிர்வாகியாகவும் இருந்தார். தாராவி தொடர்பாக நீதிமன்றங்களுக்குச் சென்றுள்ள, இனிச் செல்லவிருக்கும் வழக்குகளின் மையத்தில் இருப்பது ஒரே கேள்விதான்: ஒரு குடும்பம் தாராவியிலேயே தங்குமா, நகரின் மறுகோடிக்கு அனுப்பப்படுமா என்பதை முடிவு செய்யும் அமைப்பு யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது?

பங்கிடப்பட்ட அதிகாரம்

1992-ஆம் ஆண்டின் 74-ஆவது அரசமைப்புத் திருத்தம் நகராட்சி அமைப்புகளுக்கு அரசமைப்புத் தகுதியை அளித்தது. அத்திருத்தம் சேர்த்த 12-ஆவது அட்டவணையில் 18 பொருள்கள் இடம்பெற்றுள்ளன. நகரத் திட்டமிடல், நிலப் பயன்பாட்டை ஒழுங்குபடுத்துதல், குடிசைப் பகுதிகளை மேம்படுத்துதல் ஆகியவை அவற்றுள் அடங்கும். எனினும் இவ்வதிகாரங்களை வழங்குவது மாநிலச் சட்டமன்றத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டுள்ளது. சட்டமன்றம் வழங்'கலாம்' என்றுதான் 243டபிள்யூ பிரிவு கூறுகிறதே அன்றி, வழங்க வேண்டும் என்று கட்டளையிடவில்லை.

மகாராஷ்டிரம் தேர்ந்தெடுத்த பாதை வேறு. 1971-ஆம் ஆண்டின் குடிசைப் பகுதிகள் சட்டத்தில் 1995-இல் செய்யப்பட்ட திருத்தத்தின் வழியே, முதலமைச்சரைத் தலைவராகக் கொண்ட குடிசை மறுவாழ்வு ஆணையம் உருவானது. ஏறத்தாழ 240 ஹெக்டேர் பரப்புள்ள தாராவிக்கு இந்த ஆணையமே சிறப்புத் திட்டமிடல் அதிகார அமைப்பாக அறிவிக்கப்பட்டது. கட்டுமானத்தை மேற்கொள்வது மூன்றாவதோர் அமைப்பு. அதானி குழுமம் 80 விழுக்காடும் மாநில அரசு 20 விழுக்காடும் பங்கு வைத்துள்ள சிறப்பு நோக்க நிறுவனமான அது, இப்போது நவபாரத் மெகா டெவலப்பர்ஸ் என்ற பெயரில் இயங்குகிறது.

தாராவி நிலத்தின் பெரும்பகுதிக்கு உரிமையாளர் மாநகராட்சியே. ஆயினும் நில உரிமையாளர் என்ற தகுதி அதற்கு முடிவெடுக்கும் ஆற்றலைத் தரவில்லை. மும்பையின் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, மாநகராட்சி நிலத்தில் குடிசை மறுவாழ்வுத் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் கிடைத்தால், 30 நாள்களுக்குள் மாநகராட்சி தடையின்மைச் சான்று வழங்க வேண்டும். வழங்காவிடில், வழங்கியதாகவே கருதப்படும். சொந்த நிலத்தைப் பற்றி 'முடியாது' என்று சொல்ல இயலாத உரிமையாளராகவே மாநகராட்சி இருக்கிறது.

இதன் விளைவை அன்றாட வாழ்வில் காணலாம். தாராவியில் சாக்கடை அடைத்தால் ஜி வடக்கு வார்டு அலுவலகம் பொறுப்பு. வீட்டுக்கு எண் ஒட்டப்பட்டதா, தகுதிப் பட்டியலில் பெயர் உள்ளதா என்பதற்குத் திட்ட ஆணையம் பொறுப்பு. புதிய வீடு எப்போது கிடைக்கும் என்பதற்கு நிறுவனம் பொறுப்பு. மூன்று கதவுகளையும் தட்டக்கூடிய மக்கள் பிரதிநிதியான மாமன்ற உறுப்பினர் 2022 மார்ச் முதல் 2026 தேர்தல் வரை பதவியில் இல்லை.

வழக்கில் சிக்கிய தேர்தல்

முந்தைய மாமன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் 2022 மார்ச் 7-ஆம் தேதி முடிந்தது. பதவிக் காலம் முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசமைப்பின் 243யு பிரிவு தெளிவாகக் கூறுகிறது. அது நிகழாமைக்குக் காரணம் இரண்டு சட்டச் சிக்கல்கள்.

முதலாவது, இதர பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீடு. விகாஸ் கிஷன்ராவ் கவளி வழக்கில் 2021 மார்ச் 4-ஆம் தேதி தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், உள்ளாட்சிகளில் இவ்வொதுக்கீட்டை வழங்க மூன்று நிபந்தனைகளை வலியுறுத்தியது. தனி ஆணையம் தரவுகளைத் திரட்ட வேண்டும், ஒவ்வோர் உள்ளாட்சிக்கும் தேவையான விழுக்காட்டைத் தனியே வரையறுக்க வேண்டும், மொத்த ஒதுக்கீடு 50 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பன அவை. மாநில அரசு பாந்தியா ஆணையத்தை அமைத்து 2022-இல் அறிக்கை பெற்றது. இரண்டாவது, வார்டு எண்ணிக்கை. 227-ஆக இருந்த வார்டுகளை ஓர் அரசு 236-ஆக உயர்த்தியது. ஆட்சி மாறியதும் அடுத்த அரசு மீண்டும் 227-ஆகக் குறைத்தது. இரண்டும் வழக்காயின.

2025 மே 6-ஆம் தேதிதான் முடிச்சு அவிழ்ந்தது. நீதிபதிகள் சூர்ய காந்த், கோட்டீஸ்வர் சிங் ஆகியோரின் அமர்வு, நான்கு வாரங்களில் அறிவிக்கை வெளியிட்டு நான்கு மாதங்களில் தேர்தலை முடிக்க முயலுமாறு ஆணையிட்டது. அக்காலக்கெடு பின்னர் 2026 ஜனவரி 31 வரை நீட்டிக்கப்பட்டது.

இந்த இடைவெளியின் அளவை ஓர் எண் உணர்த்தும். 2025-26 நிதியாண்டுக்கு மும்பை மாநகராட்சி தாக்கல் செய்த வரவு செலவுத் திட்டம் 74,427 கோடி ரூபாய். பல மாநில அரசுகளின் ஆண்டுச் செலவோடு ஒப்பிடத்தக்க இத்தொகை, ஒரே ஒரு மக்கள் பிரதிநிதியின் வாக்கும் இன்றி ஒப்புதல் பெற்றது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது புதிய கதை அன்று. சென்னை மாநகராட்சி மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. வார்டு மறுவரையறை, இடஒதுக்கீடு குறித்த வழக்குகளால் தள்ளிப்போன நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரி 19-ஆம் தேதிதான் நடந்தது. இரு நகரங்களிலும் வழக்குகள் எழுப்பிய கேள்விகள் நியாயமானவையே. ஆனால் விடை கிடைக்கும் வரை நகரத்தை யார் ஆள்வது என்பதற்கு அரசமைப்பு தந்திருந்த விடை இரு நகரங்களிலும் பின்பற்றப்படவில்லை.

ஏலத்தின் வழக்கு, குடியிருப்போரின் வழக்கு அன்று

தாராவி தொடர்பாக அதிகம் பேசப்பட்ட வழக்கு செக்லிங்க் நிறுவனத்துடையது. 2018 நவம்பரில் கோரப்பட்ட ஒப்பந்தப்புள்ளியில் செக்லிங்க் 7,200 கோடி ரூபாய் முன்மொழிந்து முதலிடம் பெற்றது. அதானி குழுமம் அப்போது முன்மொழிந்தது அதைவிடக் குறைந்த தொகை. ஒப்பந்தப்புள்ளி வந்த பிறகு ரயில்வே நிலம் திட்டத்தில் சேர்க்கப்பட்டதால் அடிப்படையே மாறிவிட்டது என்று கூறி, 2020 அக்டோபரில் மாநில அரசு அதனை ரத்து செய்தது. 2022-இல் புதிய நிபந்தனைகளுடன் நடந்த ஏலத்தில் 5,069 கோடி ரூபாய் முன்மொழிந்த அதானி குழுமம் வென்றது.

செக்லிங்க் தொடுத்த வழக்கை 2024 டிசம்பர் 20-ஆம் தேதி மும்பை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டை 2025 மார்ச் 7-ஆம் தேதி விசாரித்த உச்ச நீதிமன்றம், தன் முன்மொழிவை 20 விழுக்காடு உயர்த்தத் தயார் என்ற செக்லிங்கின் வாதத்தைப் பதிவு செய்துகொண்டது. ஆனால் பணிகள் தொடங்கிவிட்டதைச் சுட்டி, திட்டத்தை நிறுத்திவைக்க மறுத்தது. பணப் பரிமாற்றங்கள் அனைத்தும் ஒரே தனிக் கணக்கின் வழியே நடக்க வேண்டும் என்று மட்டும் ஆணையிட்டது.

இவ்வழக்கின் எல்லையைப் புரிந்துகொள்வது அவசியம். அரசு தன் ஒப்பந்ததாரரை நியாயமான முறையில் தேர்ந்தெடுத்ததா என்பதே அங்கு எழுந்த கேள்வி. எந்த நிறுவனம் வென்றாலும் குடியிருப்போரின் உரிமை என்ன என்ற கேள்வி அதில் இல்லை. செக்லிங்க் வென்றிருந்தாலும், 2001-இல் தாராவிக்கு வந்த ஒரு தொழிலாளியின் நிலை மாறியிருக்காது.

தேதியே தலையெழுத்து

அத்தொழிலாளியின் நிலையைத் தீர்மானிப்பது ஒரு தேதி. 2000 ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வசிப்பதற்கு ஆவணம் உள்ளவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். 2000-க்கும் 2011-க்கும் இடைப்பட்ட காலத்தில் வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி வீடு, 2.5 லட்சம் ரூபாய்க்கு. அதற்குப் பின் வந்தவர்களுக்கும் மேல்தளங்களில் வசிப்பவர்களுக்கும் வெளியே வாடகை வீடு; தவணையில் சொந்தமாக்கிக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு. குடிசை மறுவாழ்வுத் திட்டங்களில் மேல்தளவாசிகளுக்கு வழக்கமாக எவ்வித உரிமையும் இருந்ததில்லை. அவ்வகையில் இது முன்னேற்றமே.

ஆனால் இத்திட்டத்தில் இல்லாத ஒன்று, மற்றக் குடிசை மறுவாழ்வுத் திட்டங்களில் உள்ளது. தனியார் கட்டுநர் முன்னெடுக்கும் திட்டத்துக்குத் தகுதியுள்ள குடியிருப்போரில் 51 விழுக்காட்டினரின் ஒப்புதல் தேவை. தாராவி அரசே முன்னெடுக்கும் திட்டம் என்பதால் இந்நிபந்தனை பொருந்தாது. எனவே குடியிருப்பவர் தம் குரலை எழுப்ப எஞ்சியிருப்பது தகுதிப் பட்டியல் ஒன்றே. ஆவணங்களைச் சரிபார்த்து வெளியிடப்படும் அப்பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் மேல்முறையீடு செய்யலாம்.

தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் தனிப்பட்ட இடர் ஒன்று உண்டு. மகாராஷ்டிர ஆவணங்களில் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என மூன்று கூறுகள் எழுதுவது வழக்கம். தமிழர் பெயருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முன்னே ஒரு தலைப்பெழுத்து மட்டுமே. ஒரே மனிதரின் பெயர் வாக்காளர் பட்டியலில் ஒருவிதமாகவும், மின் கட்டண ரசீதில் வேறு விதமாகவும், குடும்ப அட்டையில் மூன்றாவது விதமாகவும் இருந்தால், மூன்றும் ஒருவரே என்று நிறுவும் சுமை அவர் தலையில் விழும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், தாத்தா வந்த ஆண்டை அல்ல, தம் ஆவணத்தில் உள்ள எழுத்தை மெய்ப்பிக்க வேண்டியவர்களாகிறார்கள்.

1985 தீர்ப்பு சொன்னது

குடிசையிலிருந்து வெளியேற்றுதல் குறித்த இந்தியச் சட்டத்தின் தொடக்கப் புள்ளியும் மும்பை மாநகராட்சிக்கு எதிரான வழக்குதான். ஓல்கா டெல்லிஸ் வழக்கு என அறியப்படும் அதில், தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான ஐவர் அமர்வு 1985 ஜூலை 10-ஆம் தேதி தீர்ப்பளித்தது. மனுதாரர்களுள் ஒருவர் சேலத்தில் நிலமற்ற கூலித் தொழிலாளியாக இருந்து, வறட்சியால் வேலையிழந்து, 1961-இல் மும்பைக்கு வந்தவர். மனுதாரர்கள் சிலர் வசித்த குடியிருப்பின் பெயர் காமராஜ் நகர்.

உயிர் வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று அத்தீர்ப்பு கூறியது. வசிப்பிடத்தை இழந்தால் அதை ஒட்டிய வேலையும் போகும் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் வெளியேற்றக் கூடாது என்று அது சொல்லவில்லை. முன்னறிவிப்பு தந்து, சொல்வதைக் கேட்டு, நியாயமான நடைமுறையில் வெளியேற்றலாம் என்றே கூறியது. 2024 நவம்பர் 13-ஆம் தேதி, தண்டனையாக வீடுகளை இடிப்பதற்கு எதிராக உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும் இதே வழியைப் பின்பற்றி 15 நாள் முன்னறிவிப்பைக் கட்டாயமாக்கியது. பொது இட ஆக்கிரமிப்புகளுக்கும் நீதிமன்ற ஆணையின்படி நடக்கும் இடிப்புகளுக்கும் மட்டும் விலக்கு அளித்தது.

ஆக, நாற்பது ஆண்டுகளாக இந்தியச் சட்டம் ஏழைக் குடியிருப்போருக்கு உறுதியாக அளித்திருப்பது வீட்டை அல்ல, நடைமுறையை. நடைமுறை பழுதானால் எஞ்சுவது ஒன்றுமில்லை. தில்லி ஜங்புரா அருகே பாராபுல்லா வடிகாலை ஒட்டியிருந்த மதராசி கேம்ப் இதற்குச் சான்று. தில்லி உயர் நீதிமன்ற ஆணையின்படி 2025 ஜூன் 1-ஆம் தேதி அங்கிருந்த சுமார் 370 வீடுகள் இடிக்கப்பட்டன. பெரும்பாலும் தமிழர்கள் வாழ்ந்த அக்குடியிருப்பில் பாதியைச் சற்றே தாண்டிய குடும்பங்கள் மட்டுமே மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றன. அவ்வீடுகளும் நகரின் வடகோடியில் உள்ள நரேலாவில் அமைந்திருந்தன. வீட்டு வேலைக்கும் பள்ளிக்கும் அருகில் இருந்த வாழ்வை அத்தொலைவு துண்டித்தது.

செம்பூருக்கு அப்பால் ஒரு குப்பை மேடு

தாராவியில் இடம் பெறாதவர்கள் எங்கே செல்வார்கள் என்பது அடுத்த சட்டச் சிக்கல். முலுண்டு, காஞ்சூர்மார்க், பாண்டுப் பகுதிகளில் மத்திய அரசுக்குச் சொந்தமான 255.9 ஏக்கர் உப்பள நிலம், குர்லாவில் மதர் டெய்ரி நிலம், செம்பூரை அடுத்த தேவநாரில் மாநகராட்சியின் குப்பைக் கிடங்கில் 124 ஏக்கர் ஆகியவை இதற்காக ஒதுக்கப்பட்டுள்ளன.

இவற்றுள் தேவநார் மாநகராட்சியை நேரடியாக வழக்கு வளையத்துக்குள் இழுக்கக் கூடியது. 1927 முதல் மும்பையின் குப்பை அங்கே குவிந்துவருகிறது. திடக்கழிவு விதிகளை மாநகராட்சி மீறியதைக் காரணம் காட்டி, 2016 பிப்ரவரியில் மும்பை உயர் நீதிமன்றம் நகரில் புதிய கட்டுமானங்களுக்கே தடை விதித்தது. 2018 மார்ச்சில்தான் உச்ச நீதிமன்றம் அதைத் தளர்த்தியது. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பை நிரப்பும் தளம் குடியிருப்பிலிருந்து 200 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்றன. குப்பையை முழுமையாக அகற்றி நிலத்தை மீட்டால் நிலைமை மாறும். அப்பணிக்கு 2025-இல் மாநகராட்சி 2,000 கோடி ரூபாய்க்கும் அதிக மதிப்பில் ஒப்பந்தம் கோரியது. மாநில அரசின் திட்டத்துக்கு நிலத்தைத் தயார் செய்யும் செலவும், தாமதமானால் எழும் வழக்கும் மாநகராட்சியையே சாரும். குடியேற்றப்படுவோரின் உடல்நலம் பாதிக்கப்பட்டால் எந்த அமைப்பு ஈடு செய்யும் என்பது எந்த ஆணையிலும் தெளிவாக்கப்படவில்லை எனில், அதுவும் நீதிமன்றத்தில்தான் முடியும்.

சென்னையின் கண்ணகி நகர், பெரும்பாக்கம் குடியிருப்புகள் கற்பித்த பாடமும் இதுவே. மாற்று வீட்டின் சதுர அடியைக் காட்டிலும், வேலைக்கும் பள்ளிக்கும் உள்ள தொலைவே குடும்பத்தின் நிலையைத் தீர்மானிக்கிறது. தாராவியில் இது இரு மடங்கு உண்மை. தோல் பொருள், தையல், மட்பாண்டம், மறுசுழற்சி என வீடும் பட்டறையும் ஒரே கூரையின் கீழ் இயங்கும் பகுதி அது.

சட்டமே விசாரணைக் கூண்டில்

1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் செயல்பாட்டைப் பற்றி உச்ச நீதிமன்றமே கவலை தெரிவித்திருக்கிறது. யஷ் டெவலப்பர்ஸ் வழக்கில் 2024 ஜூலை 30-ஆம் தேதி தீர்ப்பளித்த நீதிபதிகள் நரசிம்மா, அரவிந்த் குமார் அமர்வு, இச்சட்டத்தின் கீழ் மும்பை உயர் நீதிமன்றத்தில் 1,612 வழக்குகள் நிலுவையில் இருப்பதையும், அவற்றுள் 135 வழக்குகள் பத்தாண்டுகளைக் கடந்தவை என்பதையும் சுட்டிக்காட்டியது. சட்டத்தின் செயல்பாட்டைத் தணிக்கை செய்யும் வகையில் தாமாகவே வழக்கு தொடங்குமாறு உயர் நீதிமன்றத்தைக் கேட்டுக்கொண்டது. ஏழைகளுக்கு வீடு தர இயற்றப்பட்ட சட்டம், கட்டுநர்களுக்கிடையேயான போட்டிகளின் களமாக மாறிவிட்டது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

தாராவி அளவிலான திட்டம் இந்த அமைப்பின் மீது ஏற்றப்படும்போது, தகுதி மறுக்கப்பட்ட ஒவ்வொரு குடும்பமும் ஒரு வழக்காக மாறக்கூடும். வழக்கு முடியும் முன் வீடு இடிக்கப்பட்டால், வென்றாலும் திரும்பிச் செல்ல இடம் இராது.

புதிய மாமன்றத்தால் ஆவது என்ன?

திட்டத்தை நிறுத்தவோ மாற்றவோ மாமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. ஆயினும் கைகள் முற்றிலும் கட்டப்பட்டுவிடவில்லை. மாநகராட்சிச் சொத்துகள் தொடர்பான முடிவுகள் 1888-ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டப்படி குழுக்களின் வழியே வர வேண்டியவை. நிர்வாகி காலத்தில் தாராவி, தேவநார் நிலங்கள் குறித்து எடுக்கப்பட்ட முடிவுகளை மாமன்றத்தில் வைக்குமாறு உறுப்பினர்கள் கோரலாம். வரவு செலவுத் திட்டத்தில் தேவநாருக்கான செலவைத் தனியே கேள்விக்கு உட்படுத்தலாம். அரசமைப்பின் 243எஸ் பிரிவு கட்டாயமாக்கியுள்ள வார்டு குழுக்களில் தகுதிப் பட்டியலை விவாதப் பொருளாக்கலாம்.

அதைவிட எளியவை சில உள்ளன. அவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. தகுதி மறுக்கப்படும்போது காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அதை மராத்தியோடு தமிழ், இந்தி, உருது மொழிகளிலும் தந்தால் குடியிருப்பவர் உரிய காலத்துக்குள் மேல்முறையீடு செய்ய முடியும். வாக்காளர் பட்டியல், சொத்து வரி, குடிநீர் இணைப்பு, கடை உரிமம் ஆகியவற்றின் பழைய பதிவுகள் மாநகராட்சி வார்டு அலுவலகங்களிலும் அரசு அலுவலகங்களிலும் உள்ளன. அவற்றைக் குடும்பங்கள் தேடி அலைவதற்குப் பதிலாக அலுவலகங்களே எடுத்துத் தரலாம். மேல்முறையீடு முடியும் வரை குறிப்பிட்ட வீட்டை இடிக்கலாகாது என்ற உறுதியைத் திட்ட ஆணையம் அளித்தால், நீதிமன்றத்தின் சுமையும் குறையும்.

நான்கு ஆண்டுகள் தாமதமாகவேனும் மும்பையின் வாக்காளர்கள் தங்கள் மாமன்றத்தைத் திரும்பப் பெற்றிருக்கிறார்கள். தாராவியில் அடுத்தடுத்து வெளியாகும் ஒவ்வொரு தகுதிப் பட்டியலும் அம்மாமன்றத்துக்கான தேர்வாக அமையும். பட்டியலில் பெயர் விடுபட்ட ஒருவர் தம் கவுன்சிலரிடம் சென்று நிற்கும்போது, 'இது எங்கள் அதிகாரத்தில் இல்லை' என்ற பதில் சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் உள்ளாட்சிக்கு அரசமைப்புத் தகுதி வழங்கப்பட்டது அந்தப் பதிலைக் கேட்பதற்காக அன்று.